மொதல்ல எதைக் கத்துக்கறது

இல்லீங்க, அது கொசு இல்ல. கம்ப்யூட்டரு தான் பேசுது. நான் வேகமா வெச்சிகினு கீறேன், அத்தொட்டு உங்க காதுக்கு அப்டிக் கேக்குது. இருங்க, கொறைக்கிறேன். இப்போ புரியுதா? ஆங், டெஸ்க்டாப்புன்னு தான் சொல்லுது. எங்கப்பாரு மொத வாட்டி இத்தக் கேட்டுட்டு, பொட்டி வெடிக்கப் போவுதுன்னு பிளக்கைப் புடுங்கிட்டாரு. ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவரு, சத்தம் மாறுனா மொதல்ல ஆஃப் பண்ணிட்டுத் தான் யோசிப்பாரு.

குந்துங்க. நடையில ஸ்டூலை இடிச்சிகினீங்களே, காலு வலிக்குதா? சரி. தனியா பேசுங்கன்னு உள்ள அனுப்பிட்டாங்க, எதுனா பேசித் தான் ஆவணும். பொண்ணு பாக்க வந்த எடத்துல கம்ப்யூட்டரைப் பத்திக் கேட்ட மொத மாப்ள நீங்க தான். முன்ன ஒர்த்தரு வந்தாரு. என் மூஞ்சிக்கு நேரா கையை நீட்டி, எத்தினி வெரலுன்னு சொல்லுன்னாரு. குத்துமதிப்பா மூணுன்னேன். சரியா இருந்துச்சு போல, காபியைக் கூட முடிக்காம எழுந்துட்டாரு.

நீங்க கேட்டதுக்கு வரேன். ஸ்கிரீன்ல கீறதைப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேரு, ஜாஸுன்னு ஒண்ணு கீது. வெலைக்கு வாங்கறது, எங்கப்பா பென்சனு அதுக்குப் பத்தாது. வாங்கலைன்னா நாப்பது நிமிசம் ஓசில பேசும், அப்பால கம்முனு ஆயிடும். பொட்டியை அணைச்சுத் திரும்பப் போட்டா இன்னொரு நாப்பது. காலேஜு பூரா நான் அப்டித்தான் படிச்சேன். பாதி வாக்கியத்துல நின்னு பூடும். அந்தப் பழக்கத்துல இன்னிக்கும் எதையும் சட்டுபுட்டுனு முடிக்கத் தான் தோணும்.

இன்னொண்ணு என்.வி.டி.ஏ. இது சுத்தமா ஓசி. ஆஸ்திரேலியால ரெண்டு பேரு, என்ன மாதிரியே கண்ணு தெரியாதவங்க, எழுதி வுட்டது. எனக்கு ஆபீஸ்லயும் இதான். ஹார்பராண்ட கிளியரிங் ஏஜன்ட் ஆபீஸ்ல சரக்குக் காயிதம் பாதி நான் தான் அடிக்கிறேன். எவனாவது காயிதத்தைப் படமா புடிச்சு அனுப்புனா மட்டும் பேஜாரு. காயிதத்துல எழுத்தே இல்லன்னு சாதிக்கும். அப்போ படத்துலேர்ந்து எழுத்தைப் பிரிச்சுக் குடுக்க வேற ஒண்ணை ஓட்டணும்.

தமிழா? நல்லா படிக்கும். முன்ன நான் வெச்சிருந்த கொரலு, தொண்டையில மீன்முள்ளு மாட்டுன மாதிரி இருந்துச்சு, இப்போ வேற மாத்திகினேன். இன்னா ஒண்ணு, எல்லாத்தையும் ஒரே ராகத்துல வாசிக்கும். எதுத்த வூட்டு ஜானட் அக்கா செத்துட்டாங்கன்னு கோயில் குரூப்புல வந்ததையும், கரெண்டு பில்லு கட்டச் சொல்லி வந்ததையும் ஒரே மாதிரி தான் சொல்லுச்சு. அழறதா வேணாமான்னு நாம தான் முடிவு பண்ணிக்கணும். ஆனா மனுசங்க மாதிரி கொரலை இளக்கி நம்மள டபாய்க்காது. அது எனக்குப் புடிக்கும்.

சீக்கிரம் கத்துக்கறதுன்னா போன்லயே ஆரம்பிக்கலாம். செட்டிங்ஸ்ல டாக்பேக்குன்னு கீது, ஆன் பண்ணா போதும், போனே படிச்சுச் சொல்லும். பெரியவங்களா ஆனப்பால கத்துக்கறவங்களுக்கா? வரும். கொஞ்ச நாளு மண்டை காயும், அவ்ளோ தான். கம்ப்யூட்டர்ல எல்லாமே கீபோர்டு தான், மவுஸை மறக்கறது தான் கஸ்டம். கை அதும்பாட்டுக்கு அத்தத் தேடிகினே இருக்கும்.

உங்க ரயில்வே ஆபீஸ்லயா? அங்கயும் போடலாம். எழுதிக் குடுத்தா அவங்க போட்டுத் தரணும். கவர்மென்ட்டு வேலையில இருக்கும்போது கண்ணு போச்சுன்னா ஆளைத் தூக்கவும் முடியாது, சட்டம் கீது. உங்க பெரம்பூரு ஒர்க்ஷாப்புக்கும் அதே சட்டம் தான்.

காபி ஆறிடப் போவுது, குடிங்க.

வெளிய உங்கம்மா பேசறது கேக்குதா? எங்க அலெக்ஸாண்டருக்கு மனசு பெருசுன்னு திரும்பவும் சொல்றாங்க. எங்கப்பா மூக்கை உறிஞ்சிகினு கீறாரு, கும்பிடாத கொறை தான். நல்லா கண்ணு தெரியற புள்ள, ரயில்வே வேலை, நம்ம ஜூடியைத் தேடி வருதுன்னு காலையிலயே ராயப்பர் கோயில்ல மெழுகுத்திரி ஏத்திட்டு வந்தாரு.

எனக்கும் சந்தோசமாத் தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். சமைப்பியா, பொறக்கற கொழந்தைக்கும் இப்டி ஆவுமான்னு எதுவும் கேக்காம, எப்டி வேலை செய்யறன்னு கேக்கறாரேன்னு. கொஞ்ச நேரம் நெஜமாவே ரொம்ப சந்தோசமா இருந்தேன்.

அது கெடக்கட்டும். உங்க கண்ணு இன்னும் எத்தினி வருசம் தாங்கும்னு டாக்டரு சொன்னாரு?

எந்திரிக்காதீங்க, குந்துங்க. யாரும் எங்கிட்ட சொல்லல. ஸ்டூலை இடிச்சப்போ கூட, புது வூடு, தெரியலன்னு தான் நெனைச்சேன். அப்பால காபி நீட்டுனேனே. கண்ணு தெரியறவங்க கை நேரா டம்ளருக்கு வரும். உங்க கை என் மணிக்கட்டுல பட்டு, வெரலைத் தடவிகினு, அப்பால டம்ளருக்குப் போச்சு. தேடற கை எப்டி இருக்கும்னு எனக்கா தெரியாது? அதுக்கப்பால நீங்க கேட்டதெல்லாம், எது சீக்கிரம் வரும், ஆபீஸ்ல வுடுவாங்களா. நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, டீச்சரைப் பாக்க வந்தீங்களா?

ஓரத்துல எல்லாம் போச்சா. நடுவுல மட்டும் தெரியுது. பொழுது சாஞ்சா அதுவும் இல்ல. சரி. சரிங்க, அழாதீங்க, வெளிய கேக்கப் போவுது.

கண்ணு போறதுக்கு எனக்கு ஒரு கோவமும் இல்ல. எனக்குப் பன்னெண்டு வயசுல போச்சு, இன்னா ஆயிடுச்சு, குந்திப் பேசிகினு தான் கீறேன். எங்கப்பாவைக் கையெடுத்துக் கும்பிடற அளவுக்குக் கொண்டாந்து நிறுத்துனீங்க பாருங்க, அதுக்குத் தான் கோவம். ரொம்பக் கோவம்.

வெளிய போயி அவருகிட்ட சொல்லுங்க. உங்கம்மா இல்ல, நீங்க சொல்லணும். சொன்னப்பால, கட்டிக்கிறியான்னு என்னைக் கேளுங்க, நான் யோசிச்சு சொல்றேன். சொல்லாம எழுந்து போனாலும் பரவால்ல, ஒரு ஞாயித்துக்கெழமை வாங்க, எல்லாம் போட்டுக் கத்துக் குடுக்கறேன். அதுக்குக் கண்ணாலம் கட்டிக்கத் தேவையில்ல. அது ஓசி.

வாங்க. ஸ்டூலு இன்னும் அங்கயே தான் கீது. கையைக் கொண்டாங்க. இப்டி இல்ல, என் முழங்கைக்கு மேல புடிச்சிக்கங்க. நான் முன்ன போறேன்.