என் கணவரின் காதுகள்

பேனா மூடியால் காதைக் குடையாதீர்கள். உள்ளே வந்ததிலிருந்து மூன்று முறை குடைந்துவிட்டீர்கள். குறும்பி தானாக வெளியே வரும். குடைந்தால் இன்னும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். இருபத்தெட்டு வருடமாக இந்த அறையில் உட்கார்ந்து எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காது பரிசோதிக்க எனக்கு உரிமம் கொடுத்ததே உங்கள் இலாகாதான். உங்களிடமும் சொல்லிவிடுவது முறை.

ரோசெல்லைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

என் கணவர் ரோசெல் டாலிவர் ஒரு டிஜே. டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் ஆர்ச்சர்ட் ரூம் என்ற கிளப்பில் இருபத்தொரு வருடம், ஞாயிறுதோறும் மதியம் மூன்றிலிருந்து எட்டு மணிவரை அவர்தான் பாட்டுப் போட்டார். சர்ச் முடிந்து, அதே நல்ல உடுப்போடு நேராக ஆட வருகிற கூட்டம். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் பீரோ உயரம். அதன் பக்கத்தில் ஐந்து மணி நேரம் நின்றால் எந்தக் காதும் தாங்காது. அதனால் நான்தான் அவருக்குக் காதடைப்பான் செய்து கொடுத்தேன். காதுக்குள் பசை ஊற்றி அச்செடுத்து, அவருக்கு மட்டுமே பொருந்துகிற மாதிரி. நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு ஃபில்டர். அது சத்தத்தில் இருபத்தைந்து டெசிபலை வெட்டிவிடும். வருடத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்றி, காதையும் சோதித்து அனுப்புவேன். பன்னிரண்டு வருடம் ஒழுங்காகச் செய்தேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகுதான் அந்தத் தட்டு வர ஆரம்பித்தது. ஞாயிறு வீடு திரும்பும்போது அவர் கையில் அலுமினியத் தாள் மூடிய ஒரு தட்டு இருக்கும். உள்ளே பீச் பழம் போட்டுச் சுட்ட காப்ளர் என்கிற இனிப்பு. ஜாதிக்காய் கொஞ்சம் தூக்கல்.

"யாரு குடுத்தா?"

"கூட்டத்துல ஒருத்தங்க."

அந்தக் கூட்டத்தில் யாருடைய நாய்க்கு என்ன பெயர் என்பதுவரை அவருக்குத் தெரியும். இந்த ஒருத்திக்கு மட்டும் பெயர் இல்லை. மூன்று ஞாயிறு பொறுத்தேன். நான்காவது ஞாயிறு கிளப்புக்கு எதிரே காரை நிறுத்தி உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குக் காற்று வாங்க வெளியே வந்தார். பின்னாலேயே பச்சை உடையில் ஒரு பெண். தோளைத் தட்டினாள், அவர் திரும்பியதும் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்து பீன்ஸ் வேக வைத்தேன்.

ஏன் அவரிடமே கேட்கவில்லை என்பீர்கள். கேட்டிருந்தால் அவர் பொய் சொல்ல வேண்டிவந்திருக்கும். என் கணவரைப் பொய்யராக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த வருடம் இருபத்தைந்து டெசிபல் ஃபில்டருக்குப் பதில் பதினைந்து போட்டேன். காது கொஞ்சம் நொந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். அவரோ, "இந்தத் தடவை நல்லாத் தெளிவா கேக்குதே டெல்," என்று என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். மறுவருடம் ஒன்பது. அதற்குள் காது சற்று மங்கியிருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கடுத்த வருடம் ஃபில்டரின் உட்பகுதியை ஊசியால் எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் பொருத்தினேன். சுத்தமான வேலை. பரிசோதனை அறிக்கைக்குப் பழைய தாளிலேயே தேதியை மாற்றி அச்சடித்தேன்.

"எப்படி இருக்கு டெல்?"

"இருபது வயசுப் பையன் காது."

ஆறு வருடம் இப்படியே போயிற்று. தட்டும் நிற்கவில்லை.

ஒரு பாட்டின் வாலில் அடுத்த பாட்டின் தலையை ஒட்டவைப்பதுதான் டிஜே வேலை. அந்த ஒட்டு விலக ஆரம்பித்தது. கிளப்பின் சொந்தக்காரர் ஹ்யூபர்ட் ஒரு சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தார். சின்ன வயதுச் சிநேகிதர்.

"டேய், போன வாரம் ரெண்டு பாட்டும் ஒண்ணை ஒண்ணு செருப்பால அடிச்சுக்கிச்சுடா."

"அது புது ஸ்டைல். உன் மண்டைக்கு எங்க ஏறப்போவுது."

"சனங்க ஆடறதை விட்டுட்டு உன்னையே பாக்கறாங்க ரோசெல்."

ரோசெல் சிரித்தார். ஹ்யூபர்ட் போனபின் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு, "டெல், காது நல்லா இருக்குன்னு நீயே சொல்ற. அப்ப எனக்கு மூளைதான் போகுது. யார் பேசினாலும் பாதி புரியல. அம்மாவுக்கு வந்ததே எனக்கும் வந்துடுச்சு," என்றார்.

அவருடைய அம்மா கடைசி நான்கு வருடம் பெற்ற மகனையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தவர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் இருக்கேன்ல," என்றேன். அது உண்மை. நான் இருந்தேன்.

அந்த வாரமே ஹ்யூபர்ட்டிடம் விலகுவதாகச் சொல்லிவிட்டார். அக்டோபர் கடைசி ஞாயிறு விடைபெறும் நாள். கூட்டம் தெருவரை நின்றது. அவர் கையில் மைக்கோடு, "இத்தனை வருஷம் என் காதைக் காப்பாத்திக் குடுத்தது என் பொண்டாட்டி. அவளுக்கு ஒரு கை தட்டுங்க," என்றார். தட்டினார்கள். நான் எழுந்து கையசைத்தேன். கூட்டம் அழுதது. எனக்கும் கண் கலங்கியது. அதை நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

அப்போதுதான் பச்சை உடைக்காரி என்னிடம் வந்தாள். பக்கத்தில் பார்த்தால் எழுபது வயதுக்குமேல். பெயர் ஓலீட்டா. கார் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். ஆறு வயதில் காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டதாம். ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று நெஞ்சில் அதிர்வதை வைத்து ஆடுவாளாம். மேடு பள்ளமில்லாத குரலில் பேசினாள்.

"ஒன் வீட்டுக்காரன் ரெண்டு வருஷமா என் வாயைப் பாத்துத்தான்டி பேசறான். காது கேக்கறவன் கண்ணைப் பாப்பான். புத்தி போச்சுன்னு என்கிட்ட அழுவறான். புத்தி இல்லடி கண்ணு, காது. வேற எங்கயாவது காட்டு."

"அந்தக் காப்ளர் நீங்க குடுக்கறதா?" என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தாள்.

"வாராவாரம் பதினஞ்சு தட்டு கொண்டாறேன். யாருக்குத்தான் குடுக்கல?"

பதினைந்து தட்டு கொண்டுவருகிறவளுக்கு அதில் ஒன்று மட்டும் முக்கியமாக இருக்கக்கூடாதா என்ன.

மறுவாரம் அவளே அவரை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். காதில் முக்கால்வாசி போய்விட்டது, திரும்பாது என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். காதடைப்பானையும் பார்க்கவேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். உங்களுக்குக் கடிதம் எழுதியது அவர்தானே? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே வெறும் கூடு என்று பார்த்திருப்பார். நல்ல டாக்டர்.

அன்று ரோசெல் வீட்டுக்கு வந்தது எப்படித் தெரியுமா? ஓடிவந்தார். சமையலறையில் என்னைத் தூக்கிச் சுற்றினார். "மூளை இல்ல டெல், காதுதான். வெறும் காதுதான்," என்று தேம்பினார். என் மெஷின் பழசு, மன்னிக்கணும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "மெஷின் தப்பா சொன்னா நீ என்ன பண்ணுவ," என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

இப்போது ஓலீட்டா புதன்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கே வருகிறாள், சைகை மொழி கற்றுக்கொடுக்க. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து விரல்களை ஆட்டுகிறார்கள். சிரிக்கிறார்கள். நான் காபி கொண்டுபோனால் விரல்கள் நின்றுவிடும். என்ன பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்கள், சந்தேகப்படுவது என் குற்றமா?

நான்தான் செய்தேன். மூன்று ஃபில்டர்களும் நான் போட்டவை, அறிக்கைகள் நான் அச்சடித்தவை. கையெழுத்து எங்கே போடவேண்டுமோ காட்டுங்கள். உரிமத்தை அந்தச் சுவரிலிருந்து நீங்களே கழற்றிக்கொள்ளலாம். போலீசுக்கு அனுப்பவேண்டும் என்றால் அனுப்புங்கள். ஒன்பது வருடத்தில் அவரை நான் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஓலீட்டாவை வைத்துக்கொண்டு சைகையில் சொல்லிவிடாதீர்கள். தாளில் எழுதியும் கொடுக்காதீர்கள். அவரை எதிரே உட்காரவைத்து நானே நிதானமாகச் சொல்லிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் நான் எது சொன்னாலும் தலையாட்டுகிறார். என் குரல் ஒன்றுதான் அவருக்கு இன்னும் நன்றாகக் கேட்கிறது.