வக்கீலம்மா கேட்டது இரண்டு ஆள்

மேடையில் வீற்றிருக்கும் நமது தலைவர் திரு. சுதர்ஷன் அவர்களுக்கும், அவருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், இந்த மட்டாஞ்சேரி மண்டபம் கொள்ளாமல் வாசல்வரை நிற்கும் உங்கள் எல்லோருக்கும், கொச்சித் தமிழ் மன்றத்தின் செயலாளர் கேசவின் வணக்கம்.

வழக்கறிஞர் ஸ்வர்ணலதா அம்மையாருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். இவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பெருமைப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அவரைப் புகழ்வது சுலபம். வாசலில் ‘கைதிகளின் தாய்’ என்று பெரிதாக ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறோம். என் அச்சகத்தில் அடித்ததுதான். அவர் பார்த்திருந்தால், “கேசவ், நான் ஒருத்தருக்கும் தாயாரில்லை, வக்கீலாக்கும். முதல்ல அதை எறக்குங்கோ” என்று சொல்லியிருப்பார். அவருடைய கோபம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கோபம் காரணமில்லாமல் ஒருநாளும் வந்ததில்லை என்பதும் தெரியும்.

அவர் எப்படி இந்த வேலைக்கு வந்தார்? செல்லதுரை என்று ஒரு ஹோட்டல் தொழிலாளி. தென்காசிப் பக்கத்துக்காரர். ஏதோ அடிதடியில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜாமீன் விஷயமாக சப்ஜெயிலில் அவரைப் பார்க்கப் போன அம்மையார், ஆள் நாக்கைக் கடித்துப் பேச முடியாமல் கிடப்பதைக் கண்டார். வலிப்பு நோய்க்காரர். தினமும் போடும் மாத்திரை, பிடிபட்ட அன்று பையோடு ஸ்டேஷனில் தங்கிவிட்டது. கூட இருந்தவர்கள் நடிக்கிறான் என்று நினைத்தார்களாம்.

மறுநாள் கோர்ட்டில் அம்மையார் எழுந்து நின்றார். மாஜிஸ்திரேட், “உங்களுக்கு என்ன உத்தரவு வேண்டும்?” என்று கேட்டார். “அவன் மாத்திரை வேணும். ஜாமீனை அப்புறம் பேசிக்கலாம்” என்றார் ஸ்வர்ணலதா. கோர்ட்டில் சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர் உட்காரவில்லை. மாத்திரை ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் விடவில்லை. உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே என்ன நோய், என்ன மருந்து என்று கேட்க வேண்டும் என்று மனு. டாக்டர் வாரந்தோறும் தவறாமல் வர வேண்டும் என்று மனு. ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருக்க, கூட்டிப்போகப் போலீஸ் இல்லை என்று அந்தத் தேதியைக் கடத்தக் கூடாது என்று இன்னொரு மனு. ‘சட்டம் அவனுக்குக் கொடுத்தது ஜெயில். வலிப்பையுமா கொடுத்தது? சர்க்கரை முற்றி அழுகும் காலையுமா கொடுத்தது? எந்தச் செக்‌ஷனில் இருக்கிறது?’ என்று மனுவுக்கு மனு கேட்டார். கேட்டதில் பாதிக்கு மேல் கிடைத்தது. வாதாடி வாங்கக்கூடியதை எல்லாம் அவர் வாதாடி வாங்கினார்.

வாதாடி வாங்க முடியாத ஒன்று இருந்தது. அதை நம்மிடம் கேட்டார்.

கேரளத்து ஆஸ்பத்திரி வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நோயாளியோடு ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும், கூட்டிருப்பது என்பார்கள். பைஸ்டாண்டர் என்று நர்ஸ் வராந்தாவில் கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்க வேண்டும். மருந்து வாங்க, ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோக, கஞ்சி வாங்கி வர, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்க அந்த ஒரு ஆள் வேண்டும். நம் வீட்டில் ஒருவர் படுத்தால் முறைபோட்டுக்கொண்டு போகிறோம். கைதி படுத்தால்? காவலுக்குப் போலீஸ் இருப்பார். கூட்டிருக்க ஒருவரும் இருக்க மாட்டார். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்து பிடிபட்டவனுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

ஸ்வர்ணலதா இருந்தார். கோர்ட் முடிந்ததும் கறுப்புக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போட்டில் ஏறிக் காயலைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போவார். நீங்கள் இந்த ஆளுக்கு யார் என்று நர்ஸ் கேட்டால், “கூட்டிருக்க வந்திருக்கேன், போறாதா?” என்பார்.

போன ஓணத்துக்கு முன்னால் இதே மண்டபத்தில் அவர் நம்மிடம் கேட்டது இதைத்தான். “மன்றத்துல இத்தனை பேர் இருக்கேள். என்னால ஒருத்தியா முடியலை. ரெண்டு ஆள் தாங்கோ, மாத்தி மாத்திப் போலாம்.” நாம் என்ன கேட்டோம்? நினைவிருக்கிறதா? அவன் என்ன செய்துவிட்டு உள்ளே போனான் என்று கேட்டோம். ஒருவர் விடாமல் அதைத்தான் கேட்டோம். “டாக்டரே அதைக் கேக்கலை, உங்களுக்கு எதுக்கு?” என்றார் அவர். குழந்தைகள் இருக்கும் வீடு என்றோம். வியாபாரம் செய்கிற இடத்தில் பேர் கெட்டுவிடும் என்றோம். கடைசியில், அவருடைய சேவையைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்துவது என்று ஏகமனதாக முடிவெடுத்தோம். கைதட்டினோம்.

தலைவர் என்னைப் பார்க்கிறார். “கேசவ், இது அஞ்சலிக் கூட்டமாக்கும், கமிட்டி மீட்டிங் இல்லை” என்கிறார். மன்னிக்க வேண்டும், சுதர்ஷன் அண்ணா. அஞ்சலிதான் செலுத்துகிறேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மையார் காலமானது போன வெள்ளிக்கிழமை. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அன்று அவர் போக இருந்தது வீரபாண்டி என்கிற கைதியைப் பார்க்க. இடக்கொச்சியில் கட்டட வேலை செய்தவர். சர்க்கரை வியாதி. காலில் புண் ஆறாமல் அழுகி, ஆபரேஷனுக்குச் சேர்த்திருக்கிறார்கள். ஊரில் தாயார் மட்டும்தான், அவரும் எழுந்து நடக்க முடியாதவர்.

சனிக்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. வீரபாண்டிக்குக் காவல் இருக்கும் மலையாளிப் போலீஸ்காரர் சந்தீப். நம் மன்றத்து நம்பரை அம்மையார் அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். பாருங்கள், நம்மை அவ்வளவு நம்பியிருக்கிறார். “சாரே, மேடம் போயி அல்லே, அறிஞ்சேன். இவனுக்கு ஆபரேஷன் பறஞ்சிருக்கு. ரத்தத்துக்கு ஆள் வேணும், மருந்து வாங்க ஆள் வேணும். எனக்குக் கட்டில விட்டுப் போக அனுமதி இல்ல கேட்டோ. ஆராவது வருமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அம்மையாருக்குப் பெரிய அளவில் இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்கிறோம். அது முடியட்டும், பார்க்கலாம்” என்றேன். அவர், “சரி சாரே, அதுவரைக்கும் இவன் கால் இருக்கணுமே” என்று வைத்துவிட்டார். நான் ஃப்ளெக்ஸில் எந்தப் படம் போடலாம் என்று பார்க்கப் போய்விட்டேன். இந்தக் கமிட்டியில் ஐந்தாறு பேரிடம் விஷயத்தைச் சொன்னேன். கூட்டம் முடியட்டும் என்று அவர்களும் சொன்னார்கள். ஆள் இல்லாமல் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள்.

அம்மையாரின் மகள் ஸாதனாவைக் காணோமே என்று காலையிலிருந்து பலரும் கேட்டீர்கள். துக்கம் தாங்காமல் வீட்டில் படுத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் தொடங்குமுன் அவளுக்குப் போன் செய்தேன். பின்னால் ட்ராலி உருளும் சத்தம்.

“எங்கேம்மா இருக்கே?”

“ஆஸ்பத்திரியில, கேசவ் மாமா. சந்தீப் சேட்டன் நேத்து அம்மா நம்பருக்கு விளிச்சார். இப்பதான் வீரபாண்டிய தியேட்டருக்குள்ள கொண்டுபோனா. ரத்தத்தை பிளட் பேங்க்ல இருந்து குடுத்துட்டா. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேர் வந்து திருப்பிக் குடுக்கணும்னு சொல்றா.”

தாய் போய் ஒரு வாரம் ஆகவில்லை. தீட்டுக் கழியாத பெண். நீ எதற்கும்மா போனாய் என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்ட வாயை என்ன செய்வது? அவள் கோபிக்கவில்லை.

“வேற யாரு மாமா இருக்கா?” என்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அம்மா கெடந்த எடத்துல விளக்கு வச்சுட்டு வந்திருக்கேன், அது அணையப்படாது. ஆத்துல ஒருத்தரும் இல்லை. எண்ணெய் தீர்றதுக்குள்ள யாராவது வந்தா, நான் போயிடுவேன்.”

பெரியோர்களே, ‘அம்மையார் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம்’ என்று ஒரு தீர்மானம் தயாராக இருக்கிறது. வாசிக்க வேண்டியவன் நான்தான். அதை நான் வாசிக்கப் போவதில்லை. இத்தனை பேரும் இங்கே அவருக்கு மாலை போடக் காத்திருக்கிறோம். அவர் பெற்ற பெண் அங்கே நமக்குப் பதிலாக நின்றுகொண்டிருக்கிறாள். இதைவிட ஒரு மன்றத்துக்கு என்ன தலைகுனிவு வேண்டும்?

நான் கிளம்புகிறேன். கூட்டிருக்க எனக்குத் தெரியாது. பயமாகவும் இருக்கிறது. சந்தீப் சொல்லித் தருவார். படகுத்துறையில் அடுத்த போட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ரத்தம் கொடுக்க இரண்டு பேர், இரவுக்கு என்னை மாற்றிவிட ஒருவர், வாசலில் என்னோடு சேர்ந்துகொள்ளுங்கள். ரத்தம் கொடுக்கிறவர்கள் வெறும் வயிற்றோடு வராதீர்கள். பின்பக்கம் இட்லி இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பெண் வீட்டுக்குப் போகட்டும்.