ஐந்தாவது தோட்டா

என் பெயர் ரோரி கில்லஸ்பி. வயது பத்தொன்பது. காலஞ்சென்ற அலிஸ்டர் கில்லஸ்பியின் மகன். நியூசிலாந்து, ஒட்டாகோ உட்பகுதி, ஸ்டோனிபர்ன் பள்ளத்தாக்கில் என் அக்கா ஷோனாவின் வீட்டுக்குப் பின்னால் உள்ள தனி அறையில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கோடையில் செர்ரி பறிக்கிறேன், மற்ற மாதங்களில் வேலி போடுகிறேன். துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவோ தூண்டவோ இல்லை. நான் முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்தவே இதைக் கொடுக்கிறேன்.

அக்காவின் கணவர் டிபெனே ஹீரா, நாங்கள் இருக்கும் பெரிய ஆட்டுப் பண்ணைக்கு, மேய்ச்சலைத் தின்று அழிக்கும் முயல்களைச் சுடுபவர். அதுதான் அவர் பிழைப்பு. வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். அவரிடம் இருப்பது சின்னத் தோட்டா போடும் பழைய பாயிண்ட் டூ டூ ரைஃபிள். வாதுமைக் கட்டை, மெல்லிய குழல், குறி பார்க்க இரும்பு முள் மட்டும். உள்ளங்கை பிடிக்கும் இடத்தில் கட்டை தேய்ந்து கறுத்துப்போயிருக்கிறது. நான் இந்த வருடம் செர்ரிக் கூலியில் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் பாயிண்ட் டூ டூதான், ஆனால் கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, தடித்த குழல், மேலே தூரத்தைக் கிட்டக் காட்டும் ஸ்கோப். அதன் விசை கடையில் கொடுத்தபோதே இலேசாகத்தான் இருந்தது. நான் வீட்டில் திருகை இன்னும் தளர்த்தி, விரல் பட்டாலே விழுகிற மாதிரி வைத்துக்கொண்டேன். இதை முன்பு சொல்லவில்லை.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் எது நல்ல துப்பாக்கி என்று பேச்சு வந்தது. நான்தான் ஆரம்பித்தேன்.

"மச்சான், அது துப்பாக்கியா, இல்ல கெழவனுங்க ஊனிட்டு நடக்கிற கம்பா?"

"உன்னுதுக்கு ஒரு டேப்பு மாட்டுனா தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சலாம்டா. அவ்ளோ பெரிய குழாய். அத தூக்கிட்டு ஒரு மலை ஏறு பாப்போம்."

"மலை எதுக்கு ஏறணும்? இங்கருந்தே காதுல கம்மல் போடுவேன் முயலுக்கு."

"முயலு உக்காந்து காத காட்டுமா? வாய் மட்டும் எட்டு ஊருக்கு இருக்கு."

அக்கா, "ரெண்டு பேரும் கறி ஆறுறதுக்குள்ள தின்னு தொலைங்க, அப்புறம் சண்டை போடுங்க" என்றாள். தோற்றவன் பாத்திரம் கழுவ வேண்டும் என்று அவளே பந்தயம் வைத்தாள்.

அதன் பிறகு வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டுக்கு முன் பெட்டி வைத்து, ஆளுக்கு ஓர் அட்டை குத்தினோம். ஐம்பது மீட்டர் தூரம். ஆளுக்கு ஐந்து தோட்டா. ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதுதான் கணக்கு. மச்சான் முந்தின நாள் குழலைத் துடைத்திருந்தார். துடைத்த குழலில் முதல் சில தோட்டாக்கள் தறிகெட்டுப் போகும் என்பதால், முதலில் மூன்றை மேட்டோரம் கிடந்த தகர டப்பாவைப் பார்த்துச் சுட்டார். அங்கே மண்ணில் கல் கலந்திருக்கும். பிறகு அட்டையில் ஐந்து சுட்டார். அவர் துப்பாக்கிக்கு மெதுவாகப் போகும் தோட்டாதான் ஒத்துக்கொள்ளும் என்று அதையே போட்டார். ஐந்தும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. ஸ்கோப் இல்லாமல் அது நல்ல சூடுதான். நான் சிரித்தேன்.

அதன் பிறகு நான் வெளியே போட்டிருந்த மேசை முன் உட்கார்ந்து, அதன்மேல் மணல் மூட்டையில் குழலைச் சாய்த்துச் சுட்டேன். நான்கு தோட்டாக்கள் ஒரு கட்டைவிரல் மறைக்கும் இடத்தில் விழுந்தன. அவ்வளவு நன்றாக நான் சுட்டதே இல்லை. ஐந்தாவதைப் போட்டு போல்ட்டை அடைத்துவிட்டு, மச்சான் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திரும்பினேன். விரல் விசைமேல் இருந்தது. உடம்பு திரும்பியதில் குழல் மூட்டையை விட்டு எழுந்து விலகிவிட்டது. துப்பாக்கி வெடித்தது. எந்தப் பக்கம் போனது என்று நான் பார்க்கவில்லை. அட்டைக்கும் போகவில்லை, மேட்டுக்கும் போகவில்லை என்பது மட்டும் அப்போதே தெரியும். மச்சான் அந்த நேரம் தூரக்கண்ணாடியில் என் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர், "அஞ்சாவது எங்கடா? நாலுதான இருக்கு?" என்றார்.

நான், "ரெண்டு ஒரே ஓட்டையில போயிருக்கு மச்சான். அந்தப் பெரிய ஓட்டைய பாருங்க" என்றேன்.

ஒரு ஓட்டை கொஞ்சம் கிழிந்துதான் இருந்தது. அவர் நடந்துபோய் அட்டையை எடுத்துவந்து, அந்த ஓட்டைமேல் நகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு என் முதுகில் தட்டி, "குழாயா இருந்தாலும் வேல செய்யுதுடா" என்றார். போய்ப் பாத்திரம் கழுவினார். நான் அட்டையை என் அறைச் சுவரில் குத்திவைத்தேன்.

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பக்கத்துப் பண்ணைக்கார அம்மா ஹெதர் டன்கன் வண்டியில் வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். வண்டியின் பின்தட்டில் அவருடைய ஆட்டுநாய் மோஸ் சாக்கின்மேல் கிடந்தது. வயிற்றில் தோட்டா. தோட்டா பட்டபோது நாய் அவருடைய நாலு சக்கர பைக்கில் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அவர் முதுகுக்கும் அதற்கும் ஒரு கை இடைவெளிதான். மேட்டுக்கு அப்பால் பள்ளம் திறக்கும் இடத்தில் அது நடந்திருக்கிறது.

"யாரு சுட்டது?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

மச்சான் மண்மேட்டைப் பார்த்தார். தகர டப்பா கிடந்த கல் பக்கம் பார்த்தார். பிறகு, "என்னுதாத்தான் இருக்கும் ஹெதர் அக்கா. கல்லுல பட்டு எகிறிருக்கு. அவன் போட்டது அஞ்சும் அட்டையில இருக்கு" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

நாயைக் கால்நடை மருத்துவர் ஊசி போட்டு முடித்துவிட்டார். எடுத்த தோட்டா நசுங்கிப்போய், எந்தக் குழலிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாமல் இருந்தது. அதன் பிறகு காவலர்கள் வந்து விசாரித்தபோது, என் ஐந்து தோட்டாவும் அட்டையில் பட்டன என்று கையெழுத்துப் போட்டேன். சுவரிலிருந்த அட்டையையும் நானே எடுத்துக் காட்டினேன். மச்சானின் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். உரிமம் திரும்பி வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம், வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். அக்கா அட்டைப்பெட்டிகள் சேர்க்க ஆரம்பித்தாள். அவற்றைக் கடையிலிருந்து தூக்கிவந்தது நான்.

இன்று காலை மச்சான் ஹெதர் வீட்டில் நாயைப் புதைத்த இடத்தில் வைக்கக் கல் கொண்டுபோனார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். கல்லை வைத்து முடித்ததும் ஹெதர் அவர் கையைப் பிடித்து, "நீ மறைக்காம சொன்ன. அதனால எனக்கு உம்மேல கோவம் இல்லப்பா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன் மச்சான் மாதிரி இருக்கக் கத்துக்கோ" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் அசிங்கமாக இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் வண்டியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். விசையைத் தளர்த்தியதையும், அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பியதையும் சொன்னேன். அவர் வண்டியை ஓரம் கட்டினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"உன் துப்பாக்கி எழும்புனப்போ ஷோனா எங்கடா நின்னா?"

அக்கா எங்களுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். வெடித்த பிறகு அவள் மேசையருகே கோப்பைகளை வைப்பதைப் பார்த்தேன். வெடித்தபோது எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கும்வரை நான் அதை யோசித்ததும் இல்லை. தெரியல மச்சான் என்றேன். அவர் என்னை இறங்கச் சொன்னார். இறங்கினேன். அங்கிருந்து நடந்தே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். உரிம அட்டையை மேசையில் வைத்துவிட்டேன்.

இதை எழுதிய அதிகாரி, "கவனக்குறைவால் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, தெரிந்தே பொய் சொன்னேன் என்று எழுதச் சொன்னேன். அக்கா நின்ற இடம் தவிர மற்றதெல்லாம் நான் கண்டது, நான் செய்தது. படித்துக் காட்டப்பட்டது. சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ரோரி கில்லஸ்பி