டேப்பின் மறுமுனை

ஞாயிற்றுக்கிழமை… மத்தியானம் மூன்று மணி. கல்லூரி கேட்டிலிருந்து பழைய கட்டடத்துக்குப் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை. வகுப்பு நாளில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு அந்த மனுஷனின் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

அவர் நம் டைல்ஸ்காரனின் அக்கா வீட்டுக்காரர். கொத்தனார். இவனுக்கு மச்சான் என்பதால் எனக்கும் மச்சான்தான். டைல்ஸ்காரன் இதோ, இந்தக் கொட்டகையிலேயே போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்கிறான். தூங்கவில்லை. கரண்ட் வரும்வரை நான் சொல்கிறேன். தப்பிருந்தால் அவன் திருத்தட்டும்.

இது நடந்து ஆறு வருடம். தையல், கம்ப்யூட்டர், வயரிங் என்று நாலு வகுப்போடு ஆரம்பித்த கல்லூரி. பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். வேலை முடித்து மாலையில் படிக்க வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மரத்தடியில் வகுப்பு நடந்தது. பழைய கட்டடத்தை இடித்து மாற்றுவதா, மேலே ஒரு மாடி போடுவதா என்று கமிட்டி கூடிப் பேச வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும். பழைய வரைபடத்தைக் கரையான் தின்றுவிட்டது.

கல்லூரி இன்ஜினியர், மச்சானைக் கூப்பிட்டார். ஐம்பது அடி டேப்பைக் கொடுத்தார். வட்ட டப்பா, பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி, உள்ளே துணி டேப்.

"திங்கக்கிழமை கமிட்டி. அளவு சரியா வந்துச்சுன்னா மூணு வருஷ வேலைக்கும் நீங்கதான் மேஸ்திரி. டேப்பு பத்திரம், என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."

மூன்று வருடம்! ஊர் ஊராகச் சாமான் மூட்டையோடு அலைந்த மனுஷன். மனைவி பிள்ளைகளோடு ஒரே வீட்டில் மூன்று வருடம். அன்று இரவு அவர் சாப்பிடவே மறந்துவிட்டாராம்.

மேஸ்திரி வேலைக்கு என்ன வேண்டும்? குரல். அது மச்சானிடம் நிறைய இருந்தது. மூன்றாவது மாடியில் நின்று கூப்பிட்டால், கேட்டுக்கு வெளியே டீ குடிக்கிறவன் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவான்.

அளவெடுக்க இரண்டு பேர் வேண்டும், உங்களுக்கே தெரியும். ஒருத்தன் டேப்பின் நுனியைச் சுவரில் வைத்துப் பிடிப்பான். டப்பாவைப் பிடித்தவன் கேட்பான், "வச்சாச்சா?" நுனிக்காரன் சொல்வான், "வச்சாச்சு." அப்புறம்தான் எண்ணைப் படிக்க வேண்டும். நுனி பிடிக்க வரவேண்டியவன் டைல்ஸ்காரன். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல்.

"எந்த தியேட்டர்ல காய்ச்சல்?" என்கிறான் இங்கே உட்கார்ந்திருக்கிற நம் எலெக்ட்ரீஷியன். சிரிக்காதீர்கள். டைல்ஸ்காரன் ஆறு வருடமாகச் சிரிக்கவில்லை.

மச்சான் தனியாகப் போனார். நுனிமேல் ஒரு செங்கல்லை வைத்தார், டேப்பை இழுத்தார். பழக்கதோஷம்… "வச்சாச்சா?" என்று கேட்டார். படித்தார், எழுதினார். எழுத்து தெரியாது, எண் மட்டும் தெரியும். நான்கு அறை. மளமளவென்று முடிந்தது.

கணக்குப் போட்டார். வெளியே நூற்றிருபது அடி. உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் நூற்றுப் பன்னிரண்டு.

எட்டு அடியைக் காணோம்.

கடைசி அறையிலிருந்து மறுபடி அளக்கலாம் என்று செங்கல்லை எடுக்கக் குனிந்தார். இல்லை. தேடிக்கொண்டே போனார். செங்கல் முதல் அறையிலேயே கிடந்தது. அங்கே வைத்தவர், பிறகு அதை எடுக்கவே இல்லை.

அப்படியானால் மற்ற மூன்று அறையில் நுனியைப் பிடித்தது…?

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவை "வச்சாச்சா" என்று கேட்டபோதும் பதில் வந்தது. வேலை மும்முரத்தில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கையில் இருந்த டப்பா லேசாக ஆடியது. மீன் தூண்டிலைத் தொட்டது போல. பார்த்தார். டேப் அறையைத் தாண்டி, நடையில் நீளமாகப் போய், மூலை திரும்பியிருந்தது. விறைப்பாக.

விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் அது இன்ஜினியர் டேப். டேப்பைத் தொலைத்தவனை யார் மேஸ்திரி ஆக்குவார்கள்? கைப்பிடியைச் சுற்றினார். கிர்… கிர்… நுனி வரவில்லை. டேப் சுருங்கச் சுருங்க இவர்தான் முன்னால் போனார். கண்ணெல்லாம் டேப் மேல். நாற்பது… முப்பது… பன்னிரண்டு… எட்டு.

ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. நிமிர்ந்தார்.

கதவு இல்லை. ஜன்னல் இல்லை. பின்னால் கை வைத்தார், சுவர். முன்னால் சுவர். பூச்சு சில்லென்று, விரல் பதிகிற பதத்தில் இருந்தது. கொத்தனார் கைக்குத் தெரியாதா? பூசி அரை மணிதான் ஆகியிருக்கும்.

கத்தினார். மூன்று மாடி தாண்டும் குரல், அந்த எட்டடிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அவர் காதில் விழுந்தது. தொண்டை வறண்டபோது, இருட்டில் முழங்கை தூரத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"வச்சாச்சு."

அளவைச் சொல்லாவிட்டால் டேப் இறுகியது. சொன்னால் தளர்ந்தது. "எட்டு" என்றார். மறுபடி "வச்சாச்சு." இவர் "எட்டு." இரவு முழுக்க… விடிந்ததா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது.

திங்கள் காலை இன்ஜினியர் டேப்பைத் தேடி வந்தார். நடையின் கடைசிச் சுவருக்குள் யாரோ எட்டு, எட்டு என்று சொல்வது கேட்டது. சுவரில் பழைய பெயிண்ட், ஒரு கீறல் இல்லை. கடப்பாரை போட்டு உடைத்தார்கள். உள்ளே மச்சான் உட்கார்ந்திருந்தார், கையில் டப்பா. டேப்பின் நுனி எதிர்ச்சுவரில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே, பழைய கலவைக்குள் இறுகியிருந்தது. வெட்டித்தான் எடுத்தார்கள்.

வெளியே வந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். நடந்ததை எழுதிக் காட்ட அவருக்கும் எழுத்து தெரியாது, படிக்க மனைவிக்கும் தெரியாது. ஏதோ சைகையில், பல நாளில், தெரிந்தது இவ்வளவு.

குரல் இல்லாதவர் எப்படி மேஸ்திரி ஆவது? வேலை வேறு ஆளுக்குப் போனது.

நீங்கள் போன வாரம் வந்தவர்கள், ஆனாலும் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். கலவை வேண்டுமென்றால் கரண்டியால் சட்டியை இரண்டு தட்டு தட்டுவாரே, அவர்தான்.

டைல்ஸ்காரன் சொன்னது இவ்வளவுதான். இனிமேல் சொல்வதை அவனும் கேட்டதில்லை. இது இன்றைக்கு, சாயங்காலம் நடந்தது.

அந்த எட்டடியையும் சேர்த்துத்தான் பெரிய வகுப்பறை ஆக்கினார்கள். மாலை வகுப்பில் நான் எழுத்துக் கற்றது அங்கேதான். இப்போது பிள்ளைகள் இன்னும் கூடிவிட்டார்கள், பக்கத்தில் புதுக் கட்டடம் ஏறுகிறது, பழையதை அதோடு இணைக்க வேண்டும். இன்ஜினியர் என்னிடம் டேப்பை நீட்டினார். "உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே, நீங்களே போய் அளந்துட்டு வாங்க." பெருமையாகத்தான் இருந்தது.

நுனிமேல் டெஸ்க்கின் காலை வைத்தேன். இழுத்தேன். ஜன்னலுக்கு வெளியே, புதுக் கட்டடத்தின் சாரத்தில் மச்சான் பூசிக்கொண்டிருந்தார். டங், டங் என்று சட்டி கேட்டது. இருபது வருடப் பழக்கம்… என் வாய் தானாகக் கேட்டது.

"வச்சாச்சா?"

"வச்சாச்சு."

எனக்குத் தெரிந்த குரல். டீ குடிக்கிறவனை டம்ளரை வைத்துவிட்டு ஓடி வரவைத்த அந்தக் குரல். ஜன்னலைப் பார்த்தேன். சாரத்தில் மச்சான் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது. கரண்டியைக் கீழே போட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விடு… விடு…

விட்டேன்.

டப்பா தரையில் விழுந்தது. கைப்பிடி தானாகச் சுற்றியது. கிர்… கிர்… டெஸ்க்கின் கால் அசையவில்லை, டப்பா அதைத் தாண்டிச் சுவரை நோக்கி ஊர்ந்து போனது. நான் வாசலுக்கு வந்துவிட்டேன். பின்னால் அவர் குரல், பொறுமையாக:

"அளவச் சொல்லுப்பா."

டேப் உள்ளேதான் கிடக்கிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு இன்ஜினியர் அதைக் கேட்பார்.