பேர் சொல்ல வேண்டியவன்

ரோன்கே: ...முதல்ல அந்த முழங்காலைக் காட்டு. போனைக் கீழ இறக்கு. இன்னும் கீழ.

லாடிப்போ: அக்கா, குழந்தையைக் காட்டுன்னா நீ என் முழங்காலைப் பாக்கற.

ரோன்கே: உன் புள்ள தூங்கறான். வீக்கம் இருக்கா?

லாடிப்போ: இல்ல. டாக்டர் ஓடலாம்னுட்டார். கோச் இன்னிக்கு முதல் நிமிஷத்துலேருந்தே இறக்கறேன்னார்.

ரோன்கே: முதல்லேருந்தேவா... நிஜமாவா?

லாடிப்போ: ஆபரேஷனுக்கு அப்புறம் இதான் முதல் தடவை. சாயங்காலம் ஆட்டம்.

ரோன்கே: நல்லா ஆடினா?

லாடிப்போ: அடுத்த வருஷத்துக்கும் வச்சுக்குவாங்க. இல்லேன்னா பெல்ஜியம் போதும்னு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். என்னை மாதிரி முன்னாடி நின்னு கோல் போடறதுக்கு இங்க வரிசையில ஆள் நிக்குது.

ரோன்கே: வாயைக் கழுவு. இங்க நம்ம அபேகுட்டாவுல பாதி ஊரு உன் ஆட்டத்தைப் பாக்க உக்காரப் போகுது. எந்தச் சேனல்லயும் வராதாம். சந்தைகிட்ட மேட்ச் காட்டற கொட்டகைக்காரன் இன்டர்நெட்டுல எங்கேயோ பிடிச்சுப் போடறானாம். ஜெனரேட்டருக்கு பெட்ரோல் கூட வாங்கி வச்சுட்டான்.

லாடிப்போ: படம் நின்னு நின்னு வருமே.

ரோன்கே: வரும்தான். போன வருஷம் நீ பந்தை வாங்கற வரைக்கும் வந்துச்சு. அப்புறம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. திரும்பி வந்தப்ப எல்லாரும் உன்மேல ஏறிப் படுத்திருந்தாங்க. கோல் போட்டியா, அடிபட்டியான்னு தெரியாம அம்மா கத்திட்டாங்க.

லாடிப்போ: கோல்தான். ஆனா காலால போடல. முதுகுல பட்டு உள்ள போச்சு.

ரோன்கே: அதை வெளிய சொல்லாதே. இங்க எல்லாரும் ஓவர்ஹெட் கிக்குன்னு சொல்லிட்டுத் திரியறாங்க.

லாடிப்போ: அக்கா... நேத்து டிக்கெட் பாத்தேன். இன்னிக்கு ஆடாம வந்துடலாமான்னு.

ரோன்கே: எதுக்கு?

லாடிப்போ: புள்ளையைப் பாக்கத்தான்.

ரோன்கே: புள்ள எங்கயும் ஓடிட மாட்டான். பத்து மாசம் நொண்டிக்கிட்டு, தனியா குளிர்ல கிடந்து, இப்ப வந்து... வேணாம்டா. இன்னிக்கு ஒரு நாள் நீ அங்க நின்னே ஆகணும். சத்தியம் பண்ணு.

லாடிப்போ: சரி, நிக்கறேன்.

ரோன்கே: நல்ல புள்ள. இப்ப விஷயத்துக்கு வா. பந்தல் போட்டாச்சு. பாஸ்டர் வந்தாச்சு. தேன், உப்பு, கோலா கொட்டை, தண்ணி எல்லாம் தட்டுல இருக்கு. பேரு வைக்கறது எட்டாம் நாளைத் தாண்டக் கூடாது. அப்பன்காரன் வாயாலதான் பேரு வரணும்னு பாஸ்டர் பிடிவாதமா இருக்கார். போனை ஸ்பீக்கர்ல போடுவேன். நீ பேரைச் சொல்லு, நாங்க அவன் நாக்குல தேனைத் தொட்டு வைக்கறோம்.

லாடிப்போ: மேளச் சத்தமே காணோமே.

ரோன்கே: ஆ... அந்த ஆளுக்குக் காய்ச்சல்.

லாடிப்போ: ஊருல ஒரே ஒரு மேளக்காரனா?

ரோன்கே: அந்தக் கவலை உனக்கு எதுக்கு?

லாடிப்போ: சரி, விடு. அப்பா என்ன பேரு சொன்னார்?

ரோன்கே: அப்பா... உன் இஷ்டம்னுட்டார்.

லாடிப்போ: அப்பாவா? ஸ்கூல் ஆட்டத்துல ரெஃபரியா நின்னு, பெத்த புள்ளை போட்ட கோலையே ஆஃப்சைடுன்னு ஊதின மனுஷன். அவர் என் இஷ்டம்னு விட்டாரா?

ரோன்கே: அன்னிக்கு அம்மா அவர் சூப்புல ஒரு துண்டு கறி கூடப் போடல, ஞாபகம் இருக்கா?

லாடிப்போ: வெறும் சூப்பைக் குடிச்சுட்டு, அது ஆஃப்சைடுதான்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்தார்.

ரோன்கே: ஆமா... ஆமாண்டா.

லாடிப்போ: அவர்கிட்ட போனைக் குடேன். ஒரே ஒரு வார்த்தை.

ரோன்கே: தொண்டை கட்டியிருக்கு.

லாடிப்போ: இன்னுமா?

ரோன்கே: மழை விட்டாத்தானே.

லாடிப்போ: பேச வேணாம். முகத்தை மட்டும் காட்டட்டும்.

ரோன்கே: இப்பத்தான் கண்ணசந்தார். எழுப்பினா திட்டுவார். இரு, பிம்பே வர்றா. பொண்டாட்டிகிட்ட பேசு.

பிம்பே: சாப்ட்டீங்களா?

லாடிப்போ: முட்டையும் ரொட்டியும். குரல் ஏன் கம்மியிருக்கு?

பிம்பே: உங்க புள்ள ராத்திரியெல்லாம் தூங்க விடல. காலை உதைச்சுக்கிட்டே இருக்கான். இடது காலு.

லாடிப்போ: இடது காலா? இடது காலால அடிக்கறவனுக்குத்தான் கிராக்கி. அப்ப என்னைவிட நல்ல டீம் கிடைக்கும்.

பிம்பே: போங்க... உங்க மேல எனக்குக் கோவம். வலி எடுத்தப்ப நீங்க இல்ல.

லாடிப்போ: தெரியும் பிம்பே. பக்கத்துல இருந்திருக்கணும்னு தினமும் நினைக்கறேன்.

பிம்பே: கோவம் போயிடுச்சு. இன்னிக்கு நல்லா ஆடுங்க, அது போதும். இத்தனை நாளும் நாங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு...

ரோன்கே: பிம்பே, பாஸ்டர் கூப்பிடறார் பாரு.

லாடிப்போ: பல்லைக் கடிச்சுக்கிட்டு என்ன?

ரோன்கே: ஒண்ணுமில்ல. பிரசவ வலியைச் சொல்றா. போம்மா நீ. போய் முகத்தைக் கழுவிக்கோ.

லாடிப்போ: அழுதாளா?

ரோன்கே: புள்ள பெத்தவ அழாம இருப்பாளா? நீ பேரைச் சொல்லு.

லாடிப்போ: நீ ஏதாவது யோசிச்சு வச்சிருப்பியே.

ரோன்கே: அபிதெமி.

லாடிப்போ: அப்பன் ஊருல இல்லாதப்ப பொறந்தவன்... குத்திக் காட்டறியா?

ரோன்கே: இதுல குத்தறதுக்கு என்ன இருக்கு? புள்ள பொறந்தப்ப வீட்டுல என்ன நடந்துச்சோ அதைத்தானே பேரா வைக்கறோம். நீ இல்லாம பொறந்தான். அவ்வளவுதான்.

லாடிப்போ: சித்தப்பா என்ன பேரு சொல்றார்?

ரோன்கே: அவர் சொல்றதை விடு. ரெண்டு நாளா அவரோட சண்டைதான். அவர் சொல்ற பேரை இன்னிக்கு வைக்க முடியாது. இன்னொரு நாள் கூப்பிட்டுக்கலாம்னு சொல்லிட்டேன்.

லாடிப்போ: என்ன பேரு அது?

ரோன்கே: நல்ல பேருதான். இன்னிக்கு வேணாம். நீ அபிதெமின்னு சொல்லு, கண்ணு இல்ல... எல்லாரும் காத்திருக்காங்க.

லாடிப்போ: வீட்டுல வேற ஒண்ணும் நடக்கலியா அக்கா?

ரோன்கே: ...ஒண்ணும் நடக்கல.

லாடிப்போ: அம்மா எங்க?

ரோன்கே: புள்ளையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

லாடிப்போ: பக்கத்துல போய் உக்காரு. அவங்க கையைப் பிடிச்சுக்கோ.

ரோன்கே: எதுக்குடா? உனக்கு ஆட்டம் இருக்கு. மனசை எதுலயும் விடாதே. பேரை மட்டும் சொல்லிட்டு போனை வை.

லாடிப்போ: பேரைத்தான் சொல்லப் போறேன். உக்காந்தியா?

ரோன்கே: உக்காந்துட்டேன்.

லாடிப்போ: கையைப் பிடிச்சியா?

ரோன்கே: பிடிச்சேன்... லாடி, என்னடா?

லாடிப்போ: சித்தப்பா சொன்ன பேரையே வை. பாபாட்டுண்டே. 'அப்பா திரும்பி வந்துட்டார்'னு. தாத்தா கண்ணை மூடின வீட்டுல பொறந்த பையனுக்கு நம்ம ஊருல வேற பேரு உண்டா? அப்பா போன அன்னிக்கே கொட்டகைக்காரன் துக்கம் விசாரிச்சு எனக்கு மெசேஜ் போட்டு, யாரோ திட்டியிருப்பாங்க போல, உடனே அழிச்சுட்டான். அதுக்குள்ள நான் படிச்சுட்டேன். கேக்காம இருந்தா எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் தினமும் அப்பாவைக் கேட்டுக்கிட்டிருந்தேன். நான் நிம்மதியா ஆடணும்னு நீங்க அத்தனை பேரும் அழாம இருந்தீங்க... ஆடறேன்க்கா. ஆடிட்டு ராத்திரியே விமானம் ஏறறேன், வந்து, மார்ச்சுவரியில எனக்காகக் காத்திருக்கற அப்பாவை அடக்கம் பண்ணுவோம். இப்ப ஸ்பீக்கரைப் போடு, பேரைச் சொல்றேன். அப்புறம் அம்மாவை வாய்விட்டு அழச் சொல்லு.