கீரைப் பாத்தியில் நீல எண்ணெய்

...கொஞ்சம் சத்தம் போடாம இருங்க தோழர்களே. இந்தப் பக்கம் சாயப்பட்டறைத் தொழிலாளிங்க, அந்தப் பக்கம் ஆத்தங்கரை விவசாயிங்க, நடுவுல போலீஸ்! பாக்கவே வயிறு எரியுது எனக்கு. ஒரு குட்டிக் கதை சொல்றேன். அதைக் கேட்டுட்டு அப்புறமா அடிச்சுக்கங்க.

பாறைக்குளம்னு ஒரு ஊரு. ஊருக்கு வெளிய ஒரு சின்ன விமான நிலையம். துபாய் போற ஏர்போர்ட்னு நினைச்சுக்காதீங்க. விமானம் ஓட்டப் பழகறவங்களுக்காக நடத்தறது. ரெண்டு பேரு, மிஞ்சினா நாலு பேரு உக்கார்ற விமானம் எட்டு நிக்குது. அதுக்கு ஊத்தற பெட்ரோலே தனி. அதுல காரீயம் கலந்திருக்கு. காரீயம் தெரியுமில்ல? மீன் வலைக்கு அடியில குண்டு கட்டுவாங்களே, அந்த ஈயம். நம்ம ஸ்கூட்டர் பெட்ரோல்ல இருந்து அதை எப்பவோ எடுத்தாச்சு. ஏன் எடுத்தாங்க? குழந்தைங்க மூளையைக் கெடுக்கும்னு! ஆனா இந்தச் சின்ன விமானத்துக்கு மட்டும்... இன்னும் ஊத்திக்கிட்டு இருக்கான்.

அங்க மெக்கானிக் ஜெபராஜ். பத்தொன்பது வருஷ சர்வீஸ். விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி டேங்குக்கு அடியில ஒரு கண்ணாடி டம்ளரை வச்சு, கொஞ்சம் எண்ணெய் பிடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு. தண்ணி கலந்திருந்தா மேல போனப்புறம் எஞ்சின் நின்னுடுமே! அந்த எண்ணெய் நீலமா இருக்கும். அடையாளத்துக்குச் சாயம் போட்டிருப்பான். நம்ம ஆத்துல ஓடாத நீலமா? சரி, பாத்துட்டு அதை என்ன பண்ணுவாரு? ... அப்படியே வேலிப்பக்கம் வீசிடுவாரு. ஒவ்வொரு தடவை பறக்கறப்பவும் ஒரு டம்ளர். அங்க அதான் வழக்கம். தப்புன்னு யாரும் சொல்லிக் குடுக்கல.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரு? சுடலைக்கனி. குத்தகைக்கு எடுத்த பத்து சென்ட்ல அரைக்கீரை, தண்டுக்கீரை போட்டிருக்காங்க. கொடுமை என்னன்னா... சனிக்கிழமையானா ஜெபராஜ் அதே வேலிக்கு மேல கையை நீட்டி, "ரெண்டு கட்டு குடு தங்கச்சி"ன்னு வாங்கிட்டுப் போவாரு!

சுடலைக்கனி பொண்ணு மகிழினிக்கு நாலு வயசு. நாள் பூரா அந்தப் பாத்தி மண்ணுலதான் விளையாட்டு. வாய் ஓயாம பேசின புள்ளைக்குப் பேச்சு குறைஞ்சுபோச்சு. சோறு இறங்கல. எப்பப் பாத்தாலும் வயித்து வலி. பெரியாஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்த டாக்டரம்மா, "என்னம்மா, ரத்தத்துல இவ்வளவு ஈயம் இருக்கு? வீட்டுப் பக்கத்துல பேட்டரி உருக்கறாங்களா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் மண்ணை எடுத்துச் சோதிச்சாங்க. வேலியோரத்து மண்ணுலதான் ஈயம் ஏகத்துக்கும் இருந்துச்சு.

ஊரே கொதிச்சுப்போச்சு. மூடு ஏர்போர்ட்டைன்னு கிளம்பிட்டாங்க. கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டாச்சு. ஒரு பக்கம் அறுபது தொழிலாளிங்க குடும்பத்தோட, இன்னொரு பக்கம் ஊரு. மேடையில அதிகாரி. அவர் பக்கத்துல... யாரு? விமானப் பள்ளி முதலாளி! மைக்கைப் பிடிச்சாரு.

"எங்க இடத்துல ஒரு சொட்டு எண்ணெய் தரையில விழாது! சந்தேகம்னா எங்க மெக்கானிக்கையே கேளுங்க!"

ஜெபராஜ் எழுந்தாரு. என்ன பேசணும்னு முந்தின நாளே எழுதிக் குடுத்துட்டாங்க. காகிதம் கையில இருக்கு. எதிர்ல சுடலைக்கனி, மடியில தூங்கற புள்ள. பாத்தாரு... காகிதத்தை மடிச்சுப் பையில வச்சுட்டாரு.

"வீசினது நான்தான் ஸார். ஈயம்னு டின்னு மேல எழுதியிருக்கு. ஆனா அது புள்ளைங்க ரத்தத்துக்குப் போகும்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. அந்தக் கீரையை என் வீட்டுலயும் கடைஞ்சுதான் சாப்பிட்டோம்."

சுடலைக்கனி திட்டுவாங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க. திட்டல. கேட்டாங்க, "அண்ணே, ஈயம் இல்லாம இந்த விமானம் பறக்காதா?"

"நல்லாப் பறக்கும் தங்கச்சி. இந்த எஞ்சினுக்கு ஈயமில்லாத எண்ணெயும் இருக்கு. விலை கூடன்னு வாங்க மாட்டேங்கறாங்க. டம்ளர்ல பிடிக்கறதை ஊத்தி வைக்க ஒரு கேன் குடுத்தாப் போதும், தரையில வீசவே வேண்டாம்."

அந்தம்மா அதிகாரி பக்கம் திரும்புனாங்க. "அப்ப எண்ணெயை மாத்தச் சொல்லுங்கய்யா. என் பாத்தி மண்ணை அள்ளிட்டு நல்ல மண்ணு போடச் சொல்லுங்க. என் புள்ளைக்கு வைத்தியம் பாக்கச் சொல்லுங்க."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டாரு. "அம்மா, அதெல்லாம் இன்னைக்கு அஜெண்டாவுல இல்ல. மூடணுமா, வேண்டாமா? அவ்வளவுதான் கேள்வி. கை தூக்குங்க."

தூக்கினாங்க! மூடணும்னு சுடலைக்கனி தூக்கினாங்க. வேற வழி? வேண்டாம்னு ஜெபராஜ் தூக்கினாரு. வேற வழி? சொல்லுங்க, வேற என்ன வழி விட்டான்? ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க முடியாம, தலையைக் குனிஞ்சுக்கிட்டே தூக்கினாங்க ரெண்டு பேரும்.

மூடிட்டாங்க. ஜெபராஜுக்கு வேலை போச்சு. மண்ணை அள்ள யாரும் வரல. புள்ளையை வந்து பாக்க யாரும் வரல. ஏர்போர்ட்தான் மூடியாச்சே, அப்புறம் என்னன்னு ஃபைலையும் மூடிட்டான். சரி, அந்த எட்டு விமானம்? ... நாலு மாவட்டம் தள்ளி, இன்னொரு ஊர்ல பறக்குது தோழர்களே. அதே முதலாளி. அதே எண்ணெய்!

கோபம் வருதா? வரணும். எனக்கு இன்னும் அடங்கல.

நாளைக்கு நம்ம ஊர்லயும் கருத்துக் கேட்புக் கூட்டம், அப்படி ஒரு கேள்வி வருது. பட்டறை வேணுமா, ஆறு வேணுமா? பட்டறைத் தோழர்களே, உங்க புள்ளையும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது. விவசாயத் தோழர்களே, உங்க வீட்டு மருமகனும் அந்தப் பட்டறையிலதான் சம்பளம் வாங்கறான். அப்ப எந்தக் கையை எதுக்குத் தூக்கப் போறீங்க? சுத்தம் பண்ண காசாகும்னு சாயத்தண்ணியை அப்படியே ஆத்துல தொறந்து விட்டானே ஒருத்தன்... அவன் பேரு அந்தக் கேள்வியில இருக்கா? தேடிப் பாருங்க. இருக்காது!

அவன் பேரை அந்தக் கேள்வியில எழுதற வரைக்கும்... நாளைக்கு இந்த ஊர்ல ஒரு கை மேல போகக் கூடாது!