மழை நாளில் போட்ட சன்ஷேடு

பெயர் கண்ணுசாமி, வயது 43, தகப்பனார் பெயர் ரெங்கசாமி, ஊர் வல்லத்திராக்கோட்டை, தொழில் கொத்தனார். காவல் ஆய்வாளர் கேட்டதன் பேரில் நான் சொல்வது.

2018-இல் புதுக்கோட்டைக்கு வெளியே காவலர் குடியிருப்பு கட்டியபோது நான் தலைமைக் கொத்தனார். அரவிந்த்குமார் அப்போது அங்கே கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருந்தார். சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தே அரசுத் தேர்வுக்குப் படித்துத் தேறினார். உள்துறையில் சேர உத்தரவு வந்த அன்று சைட்டுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அதன் பிறகு, நான்காம் பிளாக் சன்ஷேடுக்குக் கான்கிரீட் போட்ட அன்று மழை கொட்டி, சிமெண்ட் எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. இடித்துவிட வேண்டும் என்றேன். போடும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து அச்சில் கட்டியாக வார்த்து, தேதி கீறி, பலம் பார்க்க அனுப்புவது வழக்கம். அது தேறினால்தான் அரவிந்த்குமாரின் படிப்புச் சான்றிதழ்களைத் திருப்பித் தருவேன் என்று கான்ட்ராக்டர் பிடித்து வைத்திருந்தார். "அண்ணே, இடிச்சா ஒரு மாசம் போயிரும், என் கவர்மெண்ட் வேலையும் போயிரும். ஒங்க தம்பிக்குச் செய்யிறதா நெனச்சுக்கங்க" என்று அரவிந்த்குமார் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் சிமெண்ட் கூடுதலாகப் போட்டு வேறு கட்டி வார்த்து, முந்தின நாள் தேதியை ஆணியால் கீறினேன். பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். என் புத்தி எங்கே போயிற்றோ!

அதன் பிறகு அவர் சென்னை போய், இப்போது உள்துறையில் பிரிவு அலுவலர். போன மாதம் அந்த சன்ஷேடு விழுந்து ஒரு காவலரின் மகளுக்குக் கால் முறிந்தது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. அரவிந்த்குமாருக்குப் போன் போட்டேன். "எந்தக் கண்ணுசாமி? ராங் நம்பர்ங்க" என்று வைத்துவிட்டார்.

அவர் எழுதிக் கொடுத்த பதிலை இன்று ஆய்வாளர் வாசித்துக் காட்டினார். கொத்தனார் தனக்குத் தெரியாமல் செய்தார், அந்த நபரோடு தனக்குப் பழக்கமே இல்லை என்று இருந்தது. அடப்பாவி! குடியிருப்பு கட்டிய அதே வருஷம் என் மகள் பிரகதீஸ்வரிக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் இல்லாத பிள்ளை என்று மடியில் உட்கார வைத்துக்கொண்டவர் அவர். வயிறு எரிகிறது என்று சொன்னேன், அதையும் எழுதச் சொன்னேன்.

பழக்கத்துக்கு அத்தாட்சி கேட்டார் ஆய்வாளர். காதுகுத்துப் படம் வீட்டில் இருக்கிறது என்றேன். "கொண்டாந்து குடுய்யா. இல்லாட்டி எல்லாம் ஒன் ஒருத்தன் தலையிலதான் விடியும்" என்றார். தர மாட்டேன் என்றேன். பிள்ளை இன்னும் அவரை மாமா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் சொன்னதை எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

(ஒப்பம்) ரெ. கண்ணுசாமி